கேஸ் வாடை வந்ததும் லைட் சுவிட்சைத் தொடலாமா? சிலிண்டர் விபத்து எப்படி நடக்கிறது, தடுப்பது எப்படி? முழு விவரம்

விடிகாலை 5 மணி. வீட்டில் எல்லோரும் தூங்கிக்கொண்டிருக்கிறார்கள். காபி போட எழுந்து சமையலறைப் பக்கம் போனால், குப்பென்று கேஸ் வாடை. உள்ளே ஒரே இருட்டு. "என்னன்னு பார்ப்போம்" என்று கை தானாகவே லைட் சுவிட்சைத் தேடிப் போகும்.

அந்தக் கையை நிறுத்துவதுதான் இந்தக் கட்டுரையின் நோக்கம்.

சமையல் கேஸ் விபத்து என்றாலே "சிலிண்டர் வெடித்தது" என்றுதான் பேசுகிறோம். ஆனால் வீடுகளில் பெரும்பாலும் முதலில் வெடிப்பது இரும்பு சிலிண்டர் அல்ல. அதிலிருந்து கசிந்து, அறைக்குள் தேங்கி நிற்கும் வாயுதான். விபத்து நடந்த பல வீடுகளில் சுவர் இடிந்து, கூரை பறந்திருக்கும். சிலிண்டர் மட்டும் உருக்குலையாமல் மூலையில் கிடக்கும்.

கசிவுக்கும் தீப்பொறிக்கும் நடுவே கொஞ்சம் அவகாசம் இருக்கிறது. அந்த நேரத்தில் என்ன செய்ய வேண்டும், என்ன செய்யக் கூடாது என்று தெரிந்திருந்தால் உயிர் தப்பலாம்.

சிலிண்டருக்குள் இருப்பது என்ன?

வீடுகளுக்கு வரும் சிவப்பு சிலிண்டரில் 14.2 கிலோ எல்.பி.ஜி. இருக்கும். புரொப்பேன், பியூட்டேன் ஆகிய இரண்டு வாயுக்களின் கலவை இது. அழுத்தம் கொடுத்து திரவமாக்கி அடைத்திருப்பார்கள். முழு சிலிண்டரை அசைத்தால் உள்ளே ஏதோ தளும்புவது போலத் தெரிவது அதனால்தான்.

சிலிண்டரை விளிம்பு வரை நிரப்புவதில்லை. வெயிலில் திரவம் விரிவடைய மேலே கொஞ்சம் காலி இடம் விடப்படும். அந்த இடத்தில் சேரும் ஆவிதான் அடுப்புக்கு வருகிறது.

இந்தத் திரவம் வெளியே வந்து வாயுவாக மாறினால் சுமார் 250 மடங்கு இடத்தை அடைக்கும். ஒரு லிட்டர் திரவம் கசிந்தால் ஏறக்குறைய 250 லிட்டர் வாயு. கொஞ்சமாகக் கசிந்தாலும் ஆபத்து பெரிதாக இருப்பதற்கு இதுதான் காரணம்.

இரண்டாவது முக்கியமான விஷயம் எடை. எல்.பி.ஜி. காற்றைவிட கனமானது. ஏறக்குறைய ஒன்றரை மடங்கு முதல் இரண்டு மடங்கு வரை கனம். அதனால் கசிந்த வாயு புகை மாதிரி மேலே போகாது. தண்ணீர் போல தரையோடு பரவும். மேடைக்குக் கீழே, அலமாரிக்குள், ஃப்ரிட்ஜுக்கு அடியில், பள்ளமான இடங்களில் போய்த் தங்கும். மேலே ஒரு ஜன்னல் திறந்திருப்பதாலேயே வாயு வெளியே போய்விடும் என்று நினைப்பது தவறு.

எவ்வளவு கசிந்தால் ஆபத்து?

காற்றில் எல்.பி.ஜி. சுமார் 2 சதவீதம் முதல் 9.5 சதவீதம் வரை கலந்திருந்தால் தீப்பிடிக்கும். 2 சதவீதம் என்பது கேட்பதற்குச் சின்ன அளவாகத் தெரியும். ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தால் விஷயம் புரியும்.

8 அடிக்கு 10 அடி சமையலறை, உயரம் 10 அடி என்று வைத்துக்கொண்டால், உள்ளே இருக்கும் காற்று சுமார் 22 கன மீட்டர். அதில் 2 சதவீதம் என்றால் அரை கன மீட்டருக்கும் சற்றுக் குறைவு. எடையில் சொன்னால் ஏறக்குறைய 1 கிலோ. அதாவது, 14.2 கிலோ சிலிண்டரில் 1 கிலோ கசிந்தாலே அறை முழுவதும் தீப்பிடிக்கும் நிலைக்கு வந்துவிடும்.

வீட்டு அடுப்பில் ஒரு பர்னர் மணிக்கு சுமார் 150 கிராம் கேஸ் எடுக்கும். இரவு 10 மணிக்கு பால் பொங்கி தீ அணைந்து, குமிழை மூடாமல், ரெகுலேட்டரையும் மூடாமல் தூங்கப் போனால், விடிகாலை 5 மணிக்குள் 1 கிலோ வெளியேறியிருக்கும். வாயு தரையோடு தேங்குவதால், காலடியில் அந்த ஆபத்தான அளவு அதற்கு முன்பே வந்துவிடும்.

அந்த வாடை எதற்காக?

எல்.பி.ஜி.க்கு இயற்கையில் வாசனை கிடையாது. கசிவு தெரிய வேண்டும் என்பதற்காகவே எத்தில் மெர்கேப்டன் என்ற ரசாயனத்தைச் சேர்க்கிறார்கள். அழுகிய முட்டைக்கோஸ் போன்ற அந்த நாற்றம் அதனால் வருவதுதான்.

தீப்பிடிக்கும் அளவில் ஐந்தில் ஒரு பங்கு வாயு காற்றில் இருக்கும்போதே மூக்குக்குத் தெரிய வேண்டும் என்பது இந்தியத் தர விதி. ஆக, வாடை என்பது முன்கூட்டியே அடிக்கும் எச்சரிக்கை மணி. வாடை வந்த உடனே வெடிக்கும் என்று பதற வேண்டியதில்லை. அதே நேரம் "அப்புறம் பார்த்துக்கலாம்" என்று விட்டுவிடவும் கூடாது.

இந்த மணி எல்லோருக்கும் ஒரே மாதிரி கேட்காது. சளி பிடித்தவர்கள், வயதானவர்கள், கோவிட் தொற்றுக்குப் பிறகு வாசனை உணர்வு குறைந்தவர்கள் ஆகியோருக்கு வாடை தெரியாமல் போகலாம். அதே அறையில் வெகுநேரம் இருப்பவர்களின் மூக்கும் பழகிப்போய் வாடையை உணராது. வெளியிலிருந்து வருபவர் "என்ன கேஸ் நாறுது?" என்று கேட்டால், "எனக்கு ஒண்ணும் தெரியலையே" என்று தட்டிக்கழிக்காமல் உடனே பார்க்க வேண்டும்.

பெரியவர்கள் தனியாக இருக்கும் வீட்டில் கேஸ் கசிவு அலாரம் வைப்பது நல்லது. அதைத் தரையை ஒட்டித் தாழ்வாகப் பொருத்த வேண்டும். குழாய் வழியாக வீட்டுக்கு வரும் இயற்கை எரிவாயு காற்றைவிட லேசானது, மேலே போகும். அதற்கான அலாரத்தை மட்டும் கூரைக்கு அருகில் வைக்க வேண்டும்.

வாடை வந்தால் முதலில் என்ன செய்ய வேண்டும்?

வரிசை முக்கியம். பதற்றத்தில் மறந்துபோகும் என்பதால் வீட்டில் இருக்கும் எல்லோரும் ஒருமுறை பேசி வைத்துக்கொள்வது நல்லது.

1. எந்த சுவிட்சையும் தொடக் கூடாது. போடவும் கூடாது, எரிந்துகொண்டிருப்பதை அணைக்கவும் கூடாது. இரண்டிலும் சுவிட்சுக்குள் சின்னப் பொறி வரும். எக்ஸாஸ்ட் ஃபேனைப் போட்டால் வாயு வெளியே போய்விடும் என்று நினைத்து அதைத் தட்டுவது மிகப் பெரிய தவறு.

2. தீக்குச்சி, லைட்டர், ஊதுபத்தி, சாமி விளக்கு எதுவும் கூடாது. பக்கத்து அறையில் விளக்கு எரிந்தாலும் அணைத்துவிட வேண்டும்.

3. அடுப்பின் குமிழ்களை மூடி, ரெகுலேட்டரையும் மூட வேண்டும்.

4. கதவுகளையும் ஜன்னல்களையும் மெதுவாகத் திறந்துவிட வேண்டும். வாயு தரையோடு இருப்பதால் ஜன்னலைவிட கதவு முக்கியம். வெளியே போகும் வாசல் கதவை அகலத் திறக்க வேண்டும்.

5. குழந்தைகள், பெரியவர்கள் என எல்லோரையும் வெளியே அனுப்ப வேண்டும். அக்கம்பக்கத்தாரை எழுப்ப காலிங் பெல்லை அழுத்தக் கூடாது. கதவைத் தட்டிக் கூப்பிட வேண்டும்.

6. கசிவு நிற்கவில்லை என்றால் ரெகுலேட்டரைக் கழற்றி, சிலிண்டர் வாயில் பிளாஸ்டிக் மூடியை இறுக்கிப் போட வேண்டும். தீ ஏதும் இல்லாமல், தூக்க முடிகிற நிலையில் இருந்தால் சிலிண்டரைத் திறந்தவெளிக்குக் கொண்டுபோய் வைக்கலாம். அறை முழுவதும் வாயு நிறைந்திருப்பது தெரிந்தால் இதற்காக உள்ளே நிற்கவே கூடாது.

7. வெளியே வந்த பிறகுதான் செல்போனை எடுக்க வேண்டும். கேஸ் கசிவுக்கான அவசர எண் 1906. நாடு முழுவதும் 24 மணி நேரமும் இயங்கும் எண் இது. தீயணைப்புத் துறைக்கு 101 அல்லது 112.

ஃப்ரிட்ஜ் விஷயத்தில் தனிக் கவனம் தேவை. யாரும் தொடாமலேயே அது தானாக ஓடும், தானாக நிற்கும். ஒவ்வொரு முறையும் உள்ளே மின்பொறி வர வாய்ப்பு உண்டு. சமையலறையில் ஃப்ரிட்ஜ் இருந்து, மெயின் சுவிட்ச் வீட்டுக்கு வெளியே மீட்டர் பெட்டியில் இருந்தால், வெளியே போய் மெயினை அணைப்பதுதான் சரியான வழி. மெயின் சுவிட்ச் வீட்டுக்குள்ளேயே இருந்தால் அதைத் தொடாமல் வெளியேறிவிட வேண்டும்.

கசிவு எங்கிருந்து வருகிறது?

பெரும்பாலும் நான்கு இடங்கள்.

முதலாவது, சிலிண்டர் வால்வுக்குள் இருக்கும் ரப்பர் வளையம். 'வாஷர்' என்று சொல்வார்கள். சில ரூபாய் மதிப்புள்ள இந்த வளையம் கிழிந்திருந்தாலோ, இல்லாமலே போயிருந்தாலோ ரெகுலேட்டர் மாட்டியதும் அதன் ஓரத்தில் கேஸ் சீறும். இதுதான் மோசமான கசிவு. காரணம், ரெகுலேட்டருக்குப் பிறகு அடுப்புக்குப் போகும் கேஸின் அழுத்தம் மிகக் குறைவு. வாஷரில் கசிவதோ சிலிண்டருக்குள் இருக்கும் முழு அழுத்தத்தில் வெளியேறும். கார் டயரில் இருப்பதைவிட அதிகமான அழுத்தம் அது.

இரண்டாவது, ரப்பர் டியூப். எண்ணெய் பட்டு, சூடு பட்டு, எலி கடித்து, மடிந்து வெடிப்பு விடும். 'சுரக்ஷா' என்ற பெயரில் கிடைக்கும், உள்ளே கம்பி வலை வைத்த ஐ.எஸ்.ஐ. முத்திரை டியூபைத்தான் பயன்படுத்த வேண்டும். 5 ஆண்டுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். நடுவில் வெடிப்பு தெரிந்தால் 5 ஆண்டு வரை காத்திருக்கத் தேவையில்லை, உடனே மாற்ற வேண்டும். டியூபில் ஒட்டுப் போடுவது, டேப் சுற்றுவது, நடுவில் இணைப்பு கொடுத்து இரண்டு அடுப்புக்குப் பிரிப்பது எல்லாம் ஆபத்து.

மூன்றாவது, ரெகுலேட்டர். கீழே விழுந்து அடிபட்ட ரெகுலேட்டரை வெளியே பிரித்துப் பழுது பார்க்கக் கூடாது. கேஸ் ஏஜென்சியில் கொடுத்து மாற்ற வேண்டும்.

நான்காவது, அடுப்பு. காற்றில் அணைந்த தீ, பொங்கி வழிந்த பால், துருப்பிடித்த குமிழ்.

கசிவு இருக்கிறதா என்று பார்க்க சோப்பு நுரை போதும். வால்வு, ரெகுலேட்டர், டியூப் இணையும் இடங்களில் தடவினால் கசியும் இடத்தில் குமிழி வரும். "தீக்குச்சியைக் கிட்ட காட்டிப் பார்த்தா தெரிஞ்சிடும்" என்று சிலர் செய்வது உயிருக்கே உலை வைக்கும் வேலை.

இரவு தூங்கும் முன் ரெகுலேட்டரை மூடுவதை வழக்கமாக்கிக்கொண்டால், வாஷர் முதல் அடுப்பு வரை பல கசிவுகள் அதோடு நின்றுவிடும். ரெகுலேட்டரை மூடும்போது வால்வுக்குள் இருக்கும் ஊசி மேலே வந்து, கேஸ் வரும் வழியையே அடைத்துவிடும். ஊருக்குப் போகும்போது ரெகுலேட்டரைக் கழற்றி மூடியும் போட்டுவிட வேண்டும்.

சிலிண்டர் வந்து இறங்கும்போது பார்க்க வேண்டியவை

சிலிண்டரை வாங்கி உள்ளே வைக்கும் அவசரத்தில் பலர் எதையும் பார்ப்பதில்லை. கொண்டு வந்தவர் கிளம்புவதற்கு முன் ஐந்து நிமிடம் ஒதுக்கினால் போதும்.

* சீல்: மூடியும் சீலும் உடையாமல் இருக்கிறதா?

* எடை: சிலிண்டரின் மேல் பகுதியில் காலி எடை எழுதியிருக்கும். அதோடு 14.2 கிலோவைக் கூட்டினால் வர வேண்டிய மொத்த எடை. எடை போட்டுக் காட்டச் சொல்லிக் கேட்க வாடிக்கையாளருக்கு உரிமை உண்டு.

* வாஷர்: மூடியைத் திறந்து வால்வுக்குள் கருப்பு ரப்பர் வளையம் இருக்கிறதா, கிழியாமல் இருக்கிறதா?

* கசிவு: வால்வில் ஏதாவது கசிகிறதா என்று சோதித்துக் காட்டச் சொல்லலாம். கசிந்தால் அந்த சிலிண்டரை வாங்கவே கூடாது.

* தேதி: சிலிண்டரின் மேல் வளையத்தைத் தாங்கும் பட்டைகளின் உள்பக்கம் ஓர் ஆங்கில எழுத்தும் இரண்டு இலக்க எண்ணும் இருக்கும். ஏ என்றால் ஜனவரி முதல் மார்ச் வரை. பி என்றால் ஏப்ரல் முதல் ஜூன் வரை. சி என்றால் ஜூலை முதல் செப்டம்பர் வரை. டி என்றால் அக்டோபர் முதல் டிசம்பர் வரை. எண் ஆண்டைக் குறிக்கும். 'டி 28' என்றால் 2028 டிசம்பர்.

இதை 'எக்ஸ்பயரி தேதி' என்று சமூக வலைதளங்களில் பரப்புகிறார்கள். அது சரியல்ல. உள்ளே இருக்கும் கேஸுக்குக் காலாவதி தேதி கிடையாது. அந்த இரும்பு சிலிண்டரை அடுத்ததாகச் சோதனைக்கு அனுப்ப வேண்டிய கெடு அது. புது சிலிண்டருக்கு 10 ஆண்டு கழித்தும், அதன் பிறகு 5 ஆண்டுக்கு ஒருமுறையும் அழுத்தச் சோதனை செய்ய வேண்டும். கெடு தாண்டிய சிலிண்டர் வந்தால் திருப்பி அனுப்பி வேறு கேட்கலாம்.

சிலிண்டரை எங்கே, எப்படி வைக்க வேண்டும்?

நிமிர்ந்த நிலையில், சமதளத்தில், காற்றோட்டமான இடத்தில் வைக்க வேண்டும். அடுப்பு எப்போதும் சிலிண்டரைவிட உயரமான மேடையில் இருக்க வேண்டும். அடுப்பையும் தரையில் வைத்து, பக்கத்திலேயே சிலிண்டரையும் வைத்தால் கசியும் கேஸ் நேராகத் தீயை நோக்கித்தான் வரும்.

இப்போது பல வீடுகளில் மேடைக்குக் கீழே மரக் கதவு போட்டு சிலிண்டரை உள்ளே மறைத்துவிடுகிறார்கள். பார்க்க அழகாக இருக்கும். கசிந்தால் வாயு அந்தப் பெட்டிக்குள்ளேயே தேங்கும். கதவு போட்டே ஆக வேண்டும் என்றால் தரையை ஒட்டி ஓட்டைகள் விட வேண்டும். மேலே விட்டால் பயன் இல்லை.

காலி சிலிண்டர், கூடுதலாக இருக்கும் இரண்டாவது சிலிண்டர் இரண்டுக்கும் மூடி போட்டு வைக்க வேண்டும். 'காலி' என்று சொல்லும் சிலிண்டரிலும் கொஞ்சம் கேஸ் மிச்சம் இருக்கும். மாடிப்படிக்கு அடியில், படுக்கையறையில், தரைமட்டத்துக்குக் கீழே இருக்கும் அறையில், மண்ணெண்ணெய், பழைய பேப்பர் போன்றவற்றின் பக்கத்தில் வைக்கக் கூடாது. நேரடி வெயிலும் ஆகாது.

தூக்கிச் செல்லும்போது தரையில் உருட்டுவது, இழுப்பது, மேலிருந்து தொப்பென்று போடுவது கூடாது. அடிபடுவது இரும்பு மட்டுமல்ல, அதன் தலையில் இருக்கும் வால்வும்தான்.

கேஸ் தீரும் நேரத்தில் நடக்கும் தவறு

"கொஞ்சம் சாய்ச்சு வை, இன்னும் ஒரு நேரம் சமைக்கலாம்." பல வீடுகளில் கேட்கும் பேச்சு இது. சிலர் படுக்க வைப்பார்கள். சிலர் வெந்நீர்ப் பாத்திரத்தில் வைப்பார்கள்.

சிலிண்டர் நிமிர்ந்து இருக்கும்போது வால்வுக்கு வருவது ஆவி. படுக்க வைத்தால் திரவமே வால்வுக்கு வரும். அது ரெகுலேட்டர் வழியாகப் போய் 250 மடங்கு விரிந்தால் அடுப்பில் தீ சட்டென்று ஆளுயரத்துக்கு எழும்பும். சூடு காட்டினால் உள்ளே அழுத்தம் கூடும். ஒரு நேரச் சமையலுக்காகச் செய்யும் இந்த வேலையில் கிடைப்பது சில கிராம் கேஸ்தான்.

கல்யாண வீடு, டீக்கடை, ஓட்டல்: ஒன்றுக்கு மேல் இருந்தால்?

2022 டிசம்பர் 8-ம் தேதி ராஜஸ்தானின் ஜோத்பூர் மாவட்டத்தில் பூங்க்ரா என்ற கிராமம். மாப்பிள்ளை ஊர்வலம் கிளம்பத் தயாராக இருந்த வீட்டில், சமையலுக்காக வைத்திருந்த சிலிண்டரில் கேஸ் கசிந்து தீப்பிடித்தது. அங்கே இருந்த மற்ற சிலிண்டர்களுக்கும் தீ பரவியது. 30-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள்.

ஒரு சிலிண்டரைத் தீ சூழ்ந்தால் உள்ளே இருக்கும் திரவம் கொதித்து அழுத்தம் ஏறும். வெளியே இரும்பு சூட்டில் பலவீனமாகும். ஒரு கட்டத்தில் சிலிண்டரே கிழிந்து வெடிக்கும். உண்மையிலேயே 'சிலிண்டர் வெடிப்பது' இதுதான். வரிசையாக அடுக்கி வைத்திருந்தால் ஒன்று மற்றொன்றை இழுத்துக்கொண்டு போகும்.

அதனால் விசேஷ வீடுகளில் பயன்பாட்டில் உள்ள சிலிண்டர் ஒரு பக்கம், இருப்பு சிலிண்டர்கள் வீட்டுக்கு வெளியே, ஆட்கள் கூடாத திறந்தவெளியில் என்று பிரித்து வைக்க வேண்டும். வெளியேறும் வழியில் வைக்கவே கூடாது. வாசலை மறித்துத் தீப்பிடித்தால் உள்ளே இருப்பவர்கள் சிக்கிக்கொள்வார்கள்.

கடைகளுக்குச் சட்டமும் இருக்கிறது. வீட்டு உபயோக சிவப்பு சிலிண்டரைக் கடையில் பயன்படுத்துவது குற்றம். கடைகளுக்கு 19 கிலோ நீல நிற சிலிண்டர்தான். 2016-ம் ஆண்டு எரிவாயு சிலிண்டர் விதிகளின்படி, 100 கிலோவுக்கு மேல் எல்.பி.ஜி. சேமித்து வைக்க உரிமம் வேண்டும். 19 கிலோ சிலிண்டர் ஐந்து என்றால் 95 கிலோ. ஆறாவது சிலிண்டர் வந்தால் வரம்பு தாண்டிவிடும்.

பெரிய சிலிண்டரிலிருந்து சின்ன சிலிண்டருக்கு கேஸ் மாற்றித் தருவது சில இடங்களில் குடிசைத் தொழில் மாதிரி நடக்கிறது. அறை எடுத்துத் தங்கும் மாணவர்கள், வெளியூர் தொழிலாளர்கள்தான் அதிகம் வாங்குகிறார்கள். எந்தச் சோதனையும் இல்லாத சிலிண்டர், அளவு தெரியாமல் நிரப்பிய கேஸ், நிரப்பும் இடத்திலேயே கசிவு என்று மூன்று ஆபத்துகள் இதில் இருக்கின்றன. முகவரிச் சான்று இல்லாதவர்கள் அடையாள அட்டையைக் காட்டி எண்ணெய் நிறுவனங்களின் 5 கிலோ சிலிண்டரை முறையாகவே வாங்கிக்கொள்ளலாம்.

பயணத்தில் சிலிண்டர்: மதுரையில் என்ன நடந்தது?

2023 ஆகஸ்ட் 26, விடிகாலை. மதுரை ரயில் நிலையம் அருகே நிறுத்தி வைக்கப்பட்டிருந்த ஒரு சுற்றுலா ரயில் பெட்டி. உத்தரப் பிரதேசத்திலிருந்து ஆன்மிகச் சுற்றுலா வந்தவர்கள் அதில் இருந்தார்கள். யாருக்கும் தெரியாமல் கொண்டு வரப்பட்ட கேஸ் சிலிண்டரை வைத்து உள்ளேயே அடுப்பு பற்ற வைத்தபோது தீ பரவியது. 9 பேர் உயிரிழந்தார்கள்.

வீட்டில் கசிந்தால் திறக்கக் கதவும் ஜன்னலும் இருக்கின்றன. ரயில் பெட்டி, வேன், பஸ் ஆகியவை குறுகலான, அடைபட்ட இடங்கள். படுக்கை விரிப்பும் துணி மூட்டையும் உடனே பற்றிக்கொள்ளும். நூறு பேர் வெளியேற இரண்டு மூன்று வாசல்தான்.

ரயிலில் எரிவாயு சிலிண்டர் கொண்டு செல்வது 1989-ம் ஆண்டு ரயில்வே சட்டத்தின் 164-வது பிரிவின்படி குற்றம். 3 ஆண்டு வரை சிறைத் தண்டனை கிடைக்கலாம். கோயில் சுற்றுலாவுக்கு வேன் பிடித்துப் போகிறவர்கள், வழியில் இறங்கிச் சமைக்க சிலிண்டர் எடுத்துச் செல்லும் வழக்கம் தமிழ்நாட்டிலும் உண்டு. ஆட்கள் உட்கார்ந்திருக்கும் அதே வண்டிக்குள் சிலிண்டரையும் அடுப்பையும் வைப்பது மதுரையில் நடந்த அதே தவறுதான்.

தீயே பிடித்துவிட்டால்?

ரெகுலேட்டரோ, அடுப்புக் குமிழோ கைக்கு எட்டினால் முதலில் அதை மூட வேண்டும். கேஸ் நின்றால் தீயும் நிற்கும். கைக்கு எட்டவில்லை என்றால் வீரம் காட்டாமல் எல்லோரையும் அழைத்துக்கொண்டு வெளியேறி 101-க்கு அழைக்க வேண்டும்.

சிலிண்டர் வாயில் எரியும் சின்னத் தீயை, நனைத்த சாக்கு அல்லது தடிமனான பருத்தித் துணியைப் போர்த்தி அணைப்பதைத் தீயணைப்புத் துறையினர் செய்து காட்டுவார்கள். அதில் ஒரு நிபந்தனை உண்டு. தீ அணைந்த உடனே கேஸையும் நிறுத்த முடிய வேண்டும். தீயை மட்டும் அணைத்து, கேஸ் தொடர்ந்து வெளியேறினால் அது அறையில் தேங்கி மறுபடி பற்றும். இரண்டாவது முறை பற்றுவது முதல் தீயைவிட மோசமாக இருக்கும். சிலிண்டரின் உடம்பையே தீ சூழ்ந்திருந்தால் பக்கத்தில் போகவே கூடாது.

தீக்காயம் பட்டால் குழாய்த் தண்ணீரை 20 நிமிடம் காயத்தின் மேல் ஓடவிட வேண்டும். ஐஸ் கட்டி, மஞ்சள், இங்க், பற்பசை எதுவும் தடவக் கூடாது. ஒட்டிக்கொண்ட துணியைப் பிய்த்து எடுக்கக் கூடாது. சுத்தமான துணியால் மூடி 108-க்கு அழைக்க வேண்டும்.

பலருக்குத் தெரியாத காப்பீடு

பொதுத்துறை எண்ணெய் நிறுவனங்களின் கேஸ் இணைப்பு வைத்திருப்பவர்களுக்கு விபத்துக் காப்பீடு உண்டு. இதற்குத் தனியாக பிரீமியம் கட்டத் தேவையில்லை. எல்.பி.ஜி. காரணமாக நடந்த விபத்தில் உயிரிழந்தால் ஒருவருக்கு 6 லட்சம் ரூபாய், சிகிச்சைக்கு ஒருவருக்கு அதிகபட்சம் 2 லட்சம் ரூபாய், ஒரு விபத்துக்கு மொத்தமாக 30 லட்சம் ரூபாய் வரை, பதிவு செய்யப்பட்ட முகவரியில் உள்ள வீட்டுக்கு ஏற்படும் சேதத்துக்கு அதிகபட்சம் 2 லட்சம் ரூபாய் என்று வரம்புகள் வைக்கப்பட்டுள்ளன.

விபத்து நடந்தால் உடனே கேஸ் ஏஜென்சிக்கு எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். அவர்கள் எண்ணெய் நிறுவனத்துக்கும், அங்கிருந்து காப்பீட்டு நிறுவனத்துக்கும் தகவல் போகும். போலீஸ் புகார் நகல், மருத்துவமனை ரசீதுகளைப் பத்திரப்படுத்த வேண்டும். வீடு மாறியவர்கள் முகவரியை மாற்றாமல் விட்டால் வீட்டுச் சேதத்துக்கான பணத்தைக் கேட்கும்போது சிக்கல் வரும்.

இன்றைக்கே செய்ய வேண்டியவை

டியூபைக் கையில் எடுத்து வளைத்துப் பார்க்க வேண்டும். அதில் அச்சிட்டிருக்கும் ஆண்டைப் பார்க்க வேண்டும். ரெகுலேட்டரை எப்படி மூடுவது, எப்படிக் கழற்றுவது என்று வீட்டில் சமைப்பவருக்கு மட்டுமல்ல, பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகளுக்கும் தெரிந்திருக்க வேண்டும். மூடி எங்கே என்று தேடாமல் இருக்க, அதை சிலிண்டரிலேயே நூலில் கட்டித் தொங்கவிட வேண்டும். 1906 என்ற எண்ணைச் சமையலறைக்கு வெளியே சுவரில் எழுதி வைக்கலாம்.

விடிகாலையில் கேஸ் வாடை அடித்தால், இருட்டிலேயே ரெகுலேட்டர் வரை நடந்து போகப் பழகியிருக்க வேண்டும். லைட்டை அப்புறம் போட்டுக்கொள்ளலாம்.